ஷாவோலின் 36-ஆம் அறை: கம்பு பிடிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய நடுப்பகுதி

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் 1978-ல் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தைச் சண்டைக்காகத் தேடினால் ஏமாற்றம்தான். குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையோ சிலம்பமோ படிக்கிறவர்களுக்கு இதில் சரக்கு இருப்பது ஷாவோலின் புத்த மடத்தில் அறை அறையாக நடக்கும் பயிற்சியில்.

சீனாவை ஆண்ட மஞ்சு ஆட்சியிடமிருந்து தப்பி மடத்துக்கு வரும் மாணவனாக கார்டன் லியு. மணி அடிக்கும் அறையைக் கவனியுங்கள். நீளக் கம்பின் நுனியில் பாரம். மறுமுனையைப் பிடித்து, மூத்த துறவி தட்டும் தாளத்துக்கு மணியில் அடிக்க வேண்டும். பாரம் கையைவிட்டு விலக விலக மணிக்கட்டு திணறும். சிலம்பத்தில் நெடுவடி என்னும் நீளக் கம்பை வீசும்போதும் இதே கதைதான். மணிக்கட்டு பழகாதவன் தோளால் தள்ளுவான், நாலு சுற்றில் கம்பு தாழ்ந்துவிடும்.

தண்ணீர் சுமக்கும் அறையில் கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி கத்தி கட்டியிருக்கிறார்கள். கத்தி சினிமாவுக்கு. கையை நீட்டிச் சுமக்கும் பயிற்சி நிஜம். செய்து பார்ப்பவர்கள் கைக்கொரு லிட்டர் குப்பியோடு தொடங்கினால் போதும். தோள் காதுப் பக்கம் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் சுமப்பது கழுத்து. மணல்மூட்டையைத் தலையால் முட்டும் அறையைத் தொடவே வேண்டாம். வர்மம் தெரிந்த ஆசான் எவரும் சம்மதிக்க மாட்டார்.

இந்த நுணுக்கத்துக்குக் காரணம் இயக்குநர் லாவ் கார்-லியுங். சண்டை அமைப்பும் அவரே. புகழ்பெற்ற சீனத் தற்காப்புக் கலை ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங். லாமிடம் படித்தவர் இயக்குநரின் அப்பா. அதனால்தான் கேமரா தள்ளி நிற்கிறது, சுவடு (அடியெடுத்து வைக்கும் முறை) வைக்கும் கால் திரைச் சட்டத்துக்குள் இருக்கிறது. முகத்தையே காட்டும் இன்றைய சண்டைகளில் கால் எங்கே போனது என்றே தெரியாது.

மடத்துக்கு வெளியே படம் மெலிந்துவிடுகிறது. தொடக்கத்து அரசியல் வெறும் அட்டை அரண்மனை, வில்லன்களுக்குக் கொடுமையைத் தவிர வேறு வேலையில்லை. லோ லியே போன்ற நடிகரை வைத்துக்கொண்டு இப்படி வீணாக்கியிருக்க வேண்டாம். மடத்தில் 35 அறைகள் (தலைப்பில் உள்ள 36-ஆவது, வெளியாருக்கும் கற்றுத்தர நாயகன் விரும்பும் அறை) என்று சொல்லிவிட்டுச் சிலவற்றை மட்டும் விரிவாகக் காட்டுகிறார்கள். அது தவறில்லை, எல்லாம் காட்டினால் சலித்திருக்கும். மடத்தைவிட்டு இறங்கியபின் ஆள் சேர்ப்பதும் பழிவாங்குவதும் மளமளவென்று ஓடுவதுதான் பெரிய குறை. அவ்வளவு நேரம் பழகிய உடம்புக்கு ஏற்ற எதிரியே கடைசிவரை வரவில்லை.

உண்மையான உச்சம் மடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரட்டை வாள் துறவியிடம் தோற்றவன் சங்கிலியால் இணைத்த மூன்று துண்டுக் கம்போடு திரும்பி வருகிறான். வாள் தடுத்த இடத்தில் கம்பு நிற்காமல் மடங்கி உள்ளே போகிறது. பார்த்த வேகத்தில் மூங்கிலை அறுத்துச் சங்கிலி போடாதீர்கள்: விட்ட முனை முதலில் திரும்பி வருவது சொந்த முழங்கைக்கு. பழகியே ஆக வேண்டுமென்றால் துண்டுகளுக்குப் பஞ்சு சுற்றி, ஒரு முனையைக் கையில் இறுக்கி, மற்றதை மட்டும் மெதுவாக வீசிப் பாருங்கள்.