8,000 கனஅடியில் ஒகேனக்கல்

ஒகேனக்கல் கிளம்புவதற்கு முன்னால் நான் பார்ப்பது பிலிகுண்டுலு நீர்வரத்தை மட்டும்தான். 2022 ஆடியில் பட்ட பாடு அப்படி. அந்த முறை நீர்வரத்து விநாடிக்கு 1 லட்சம் கனஅடியைத் தாண்டியிருந்தது, அதை விசாரிக்காமல் குடும்பத்தோடு போய் இறங்கினால் அருவி எங்கே என்றே தெரியவில்லை, பாறைகள் எல்லாம் முழுகி ஒரே செம்மண் தண்ணீர், பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினோம். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியைப் பிலிகுண்டுலுவில்தான் அளக்கிறார்கள், மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் அங்கே இருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை செய்தியில் 8,000 என்று போட்டிருந்தது. மச்சானுக்குப் போன் அடித்தேன், ஆறரைக்கெல்லாம் ஓசூரிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டோம்.

தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நாங்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழி. தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு வந்துவிடுகிறது. 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இந்தப் பக்கமெல்லாம்தான், யானை கடக்கும் இடம் என்ற பலகை அடிக்கடி வரும். யானை வரவில்லை. சாலையில் காயாத சாணம் கிடந்தது, அதைப் பார்த்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார், அஞ்செட்டி வரும்வரை வாயே திறக்கவில்லை. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ஒகேனக்கல் 250க்குப் பக்கம். ஜெர்கின் போட்டுக்கொண்டு கிளம்பியவன் நாட்றாம்பாளையத்தில் அதைக் கழற்றிப் பையில் திணித்தேன். கேழ்வரகுக் கொல்லைகள், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு காற்று சூடாகிக்கொண்டே வந்தது.

பரிசல் துறையில் டிக்கெட் வாங்கி லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். மூங்கிலில் பின்னிய வட்டக் கூடைதான் பரிசல். முன்பு தோல் போர்த்துவார்களாம், இப்போது அடியில் பிளாஸ்டிக் தாள். டிக்கெட்டுக்கு மேல் தனியாக ஒரு தொகை கேட்டார் பரிசல்காரர். கொஞ்சம் வாக்குவாதம், கடைசியில் பாதிக்கு முடிந்தது. ஆனால் அந்த எரிச்சல் ஆற்றில் இறங்கிய அஞ்சு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஒகேனக்கல் என்றாலே எல்லோரும் அருவியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அருவியைவிட அதற்குக் கீழே இருக்கும் இடுக்குதான். இரண்டு பக்கமும் கருத்த பாறை செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவில் காவிரி குறுகி, சத்தமே இல்லாமல் போகிறது. கார்பனடைட் என்ற ஒரு வகைத் தீப்பாறையில் உலகின் மிகப் பழையவை சில இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன என்று நிலவியல்காரர்கள் சொல்வார்கள், ஆனால் எது அது என்று பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. பாறையில் என் தலைக்கு மேலே நாலு ஆள் உயரத்தில் வெளுத்த கோடு ஒன்று ஓடியது. வெள்ளம் வந்தால் அதுவரை ஏறும் என்றார் பரிசல்காரர். நான் 2022இல் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தது இந்த இடுக்கு நிரம்பி வழிந்த தண்ணீரைத்தான். “இன்னைக்கு எட்டுதான் சார். பத்துக்கு மேல போனா இங்க இழுவை வேற மாதிரி இருக்கும்” என்றார். ஒகேனக்கல்லில் யாரும் ஆயிரம் என்று சேர்த்துச் சொல்வதில்லை, எட்டு, பத்து, இருபதுதான். ஒரு கனஅடி 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியென்றால் விநாடிக்கு இரண்டேகால் லட்சம் லிட்டர் எங்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

இடுக்கின் நடுவில் துடுப்பைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பாறை, வானம், எதிர்க்கரைக் கர்நாடகம், மறுபடி பாறை. மச்சான் என் தொடையைப் பிடித்த பிடி ராத்திரிவரை வலித்தது. இதற்கிடையில் இன்னொரு பரிசல் ஒட்டி வந்து நின்றது. அதில் ஓர் அக்கா சிப்ஸ், தண்ணீர் பாட்டில், மசாலா தடவிய மாங்காய் எல்லாம் அடுக்கி வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றதும் பக்கத்துப் பரிசலில் வாங்கிக் கொடுத்தார், அதுவும் ஓடுகிற ஆற்றில்.

கரையேறி மீன் வாங்கி, சமைத்துத் தரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளித்தோம். கட்லா குழம்பும் வறுவலும். மிளகாய் தூக்கல், ஆனாலும் தட்டை வழித்துத்தான் எழுந்தோம்.

திரும்பும்போது பென்னாகரம் மலைப்பாதை. ஊருக்குள் டீ குடிக்க நிறுத்தினோம். கடைப் பெஞ்சில் இருந்த பெரியவரின் பல்லெல்லாம் பழுப்புக் கறை. இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் புளோரைடின் வேலை அது. இத்தனை பெரிய ஆறு பக்கத்தில் ஓட, கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி இந்த ஊர்களின் குழாய்க்கு வர 2013 ஆகிவிட்டது. எங்கள் ஈரத் தலையைப் பார்த்ததுமே கேட்டார், “ஆத்துல எவ்ளோ வருது?”

எட்டு என்றேன்.

“பரவால்ல” என்றுவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார்.