ஹாம் ரேடியோவில் பி.டி.டி. (பேச அழுத்தும் பட்டன்) அழுத்தியதும் செட் அணைகிறதா?

ரிசீவ் அருமையாக இருக்கும்; பேச ஆரம்பித்ததும் டிஸ்ப்ளே மங்கி செட் அணைந்துவிடும். உடனே ஃபைனல் டிரான்சிஸ்டர்மேல் (ஆன்டெனாவுக்குப் பவர் தரும் கடைசி டிரான்சிஸ்டர்) பழி போட வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் டி.சி. பக்கத்தை, அதாவது சப்ளையிலிருந்து செட்டுக்கு மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள்.

100 வாட் செட் முழு பவரில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போச்சு, 13.8 வோல்ட் 11.8 ஆகிவிடும். ரிசீவில் ஓரிரு ஆம்பியர்தான், அதனால் வெளியே தெரியாது.

சி.டபிள்யூ.வில் (மோர்ஸ் மோடில்) கீயைச் சில விநாடி மட்டும் அழுத்தி, சப்ளை முனையிலும் செட்டின் பின்புற பிளக்கிலும் வோல்ட் அளந்து பாருங்கள். இரண்டிலும் இறங்கினால் சப்ளைதான் தாங்கவில்லை. செட்டில் மட்டும் இறங்கினால் முதல் சந்தேகம் ஃப்யூஸ் ஹோல்டர்: தொட்டால் சுடும், உள்ளே ஸ்பிரிங் கருத்திருக்கும். ஃப்யூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹோல்டரையே மாற்றுங்கள்.