சூகரமத்தவம் என்ற ஒரு சொல்

பாலி மொழியில் உள்ள பௌத்தப் போதனை உரைகளான சுத்தங்களின் தமிழாக்கத்தை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துவது என் பணி. முன்பெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துப்படி மேசைக்கு வரும். இப்போது செயற்கை நுண்ணறிவு தயாரித்த முதல் வரைவு வருகிறது. என் வேலை பாதியாகிவிட்டது என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். பிழைகள் குறைந்தது உண்மைதான். ஆனால் மிஞ்சியவற்றைக் கண்டுபிடிப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. மனிதர் தடுமாறிய இடத்தில் வாக்கியமும் தடுமாறும், அடித்தல் திருத்தல் இருக்கும், ஓரத்தில் ஒரு கேள்விக்குறியாவது இருக்கும். இயந்திரமோ அறிந்ததையும் ஊகித்ததையும் ஒரே சரளத்தில் எழுதிவிடுகிறது.

நீண்ட சுத்தங்களின் தொகுப்பான தீக நிகாயத்தின் 16-ஆம் சுத்தமான மகாபரிநிப்பான சுத்தத்தில், கொல்லர் மகன் சுந்தன் புத்தருக்கு அளித்த கடைசி உணவில் சூகரமத்தவம் என்றொரு பண்டம் வருகிறது. சூகரம் என்றால் பன்றி, மத்தவம் என்றால் மென்மையானது. வரைவில் ‘மென்மையான பன்றி இறைச்சி’ என்று எந்தக் குறிப்புமின்றி இருந்தது. பழைய உரைகளிலோ இச்சொல்லுக்கு ஒருமித்த பொருள் இல்லை. பழைய உரையாசிரியர் தம்மபாலர் உதானம் என்ற பாலி நூலுக்கு எழுதிய உரை, பன்றி இறைச்சி என்ற கருத்தை முதலில் சொல்லிவிட்டு, பன்றிகள் மிதித்த மூங்கில் குருத்து என்பாரும், அவை மிதித்த இடத்தில் முளைத்த காளான் என்பாரும், ஒருவகை ரசாயனம், அதாவது உடலுக்கு வலுவூட்டும் மருந்து என்பாரும் உண்டு என்று அடுக்கிச் செல்கிறது.

ஐயம் தீராமல், ஒரு சுத்தத்தின் பிறமொழி வடிவங்களான இணைப் பாடங்களைத் தேடும் கருவியை ஓட்டிப் பார்த்தேன். கி.பி. 413-இல் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட, தீக நிகாயத்துக்கு இணையான தொகுப்பான தீர்க்க ஆகமத்தில் இதே நிகழ்ச்சி சில நொடிகளில் அகப்பட்டது. அங்கே சுந்தன் படைப்பது சந்தன மரத்தில் முளைக்கும் காளான். சொற்களை எழுத்தெழுத்தாகப் பொருத்தாமல், பொருளின் நெருக்கத்தை எண்களாக்கி ஒப்பிடுவதால்தான் பாலியும் சீனமும் இப்படி அருகருகே வந்து நிற்கின்றன. சீன எழுத்து அறியாத நான், இதற்காக முன்பு அறிஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்திருப்பேன். வரைவு மறைத்த ஐயத்துக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கருவி சான்று கொண்டுவந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

பேய்யாலம் வேறு வகைத் தலைவலி. திரும்பத் திரும்ப வரும் பத்திகளைச் சுவடி எழுதியோர் ‘பே’ என்று சுருக்கிவிட்டுப் போவார்கள். வரைவு அந்த இடைவெளியைத் தானே நிரப்பிவிடும். ஒருமுறை நான்கு தியானங்களின் வருணனையை நிரப்பியபோது, மூலத்தில் அவ்விடத்தில் இல்லாத உவமைகளும் சாமஞ்ஞபலம் என்ற வேறொரு சுத்தத்திலிருந்து சேர்ந்து வந்துவிட்டன. நீராட்டுப் பொடியில் தண்ணீர் தெளித்துப் பிசையும் பணியாளனின் உவமை அவ்வளவு அழகான தமிழில் இருந்ததால், இரண்டு முறை படித்தும் எனக்கு உறுத்தவில்லை. மூலத்தைவிடப் பக்கங்கள் கூடியிருக்கின்றனவே என்று எண்ணிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து ‘பே’ வரும் இடங்களையெல்லாம் முதலில் குறித்துக்கொண்டுதான் வரைவைத் திறக்கிறேன்.

சூகரமத்தவத்தை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, உரை தரும் நான்கு கருத்துகளையும் சீனப் பாடத்தையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன். இறுதிச் சரிபார்ப்பில் கருவி அந்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் சிவப்புக் கோடிட்டு, ‘மொழிபெயர்க்கப்படாத சொல்’ என்று காட்டியது. ‘புறக்கணி’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.