பிஹேவியர் பிளானுக்குக் கையெழுத்து வாங்கிய கதை

ஒருவழியாகப் பள்ளியில் என் மகனுக்கான பிஹேவியர் பிளானில் (அவனது சிக்கலான நடத்தையை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று எழுதிவைக்கும் திட்டம்) கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நிம்மதிதான். ஆனாலும் இதற்கு இத்தனை இழுபறியா என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

ஆட்டிசம் சான்றிதழ், அட்மிஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. தொல்லை வகுப்புக்குள்தான். டைரியில் தினமும் "மேஜையைத் தள்ளினான், கத்தினான்" என்று இருக்கும். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி இருக்காது. உடனே போன் வரும், வந்து கூட்டிப் போங்கள் என்று. எழுத முடியாமல் கத்துகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், கத்தினால் எழுத வேண்டாம் என்றுதானே கற்றுக்கொள்வான்? கேட்டேன். "மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டாமா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

பிளான் போட ரிப்போர்ட் கேட்டார்கள். தெரபிஸ்டிடம் வாங்கிக்கொண்டு போனால், "இதில் ஸ்கோர் மட்டும்தான் இருக்கிறது, வகுப்பில் என்ன செய்வதென்று இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஓர் அலைச்சல் குறைந்திருக்கும். வகுப்பறைப் பரிந்துரைகள் என்று தனிப் பகுதி கேட்டு வாங்குங்கள்.

வழி காட்டியவர் ஸ்பெஷல் எஜுகேட்டர். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார்: முன்னால் நடந்தது, அவன் செய்தது, அதன்பின் நடந்தது. தாள்கள் நிரம்பியதும் பார்த்தால், பெரும்பாலும் போர்டைப் பார்த்து எழுதும் நேரம். தலை நிமிர்ந்து, திரும்ப நோட்டுக்கு வருவதற்குள் எந்த வரி என்று தவறிவிடுகிறது. முதலில் பென்சிலைக் கடிக்கிறான், அப்புறம்தான் மேஜை.

உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தால் இப்படிப்பட்ட நடத்தை குறைகிறது என்று கார், டியூரண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985-லேயே காட்டிவிட்டார்கள். அதை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பேச்சின் போக்கே மாறியது. இப்போது மேஜையில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருக்கின்றன: "உதவி வேண்டும்", "பிரேக் வேண்டும்". பென்சில் வாய்க்குப் போனால் ஆசிரியர் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். போன வாரம் கணக்கு வகுப்பில் யாரும் காட்டாமலே அவனாக உதவி அட்டையை எடுத்து நீட்டினானாம்!

அட்டை நீட்டினால், ஆரம்பத்திலாவது, கேட்டது உடனே கிடைக்க வேண்டும். மாற்று ஆசிரியர் ஒருவர் "முடித்துவிட்டுப் போ" என்றார், அன்றே கத்தல் திரும்பியது. அதனால் யார் வகுப்பெடுத்தாலும் இதுதான் முறை என்று பிளானிலேயே எழுதி வாங்குங்கள். தண்டனையாக பிரேக்கை நிறுத்தக் கூடாது என்பதையும் சேருங்கள். "ஒழுங்காக நடந்துகொள்வான்" என்று இலக்கு எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதை யாராலும் அளக்க முடியாது. மறுபரிசீலனைத் தேதி குறித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.