டூல் லைப்ரரியை இறக்குமதி செய்யாதீர்கள், நாமே கட்டுவோம்

வீட்டுக்கு ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது இரண்டு. ஒன்று, விதவிதமான பிட்கள் (சுழன்று வெட்டும் முனைகள்) அடங்கிய மலிவான பெட்டி. இன்னொன்று, யாரோ எங்கோ செய்து வைத்த டூல் லைப்ரரி ஃபைல், அதாவது ஒவ்வொரு பிட்டின் அளவையும் வேகத்தையும் மென்பொருளுக்குச் சொல்கிற பட்டியல். இரண்டும் வேண்டாம் என்பேன். அந்த ஃபைலில் இருக்கும் ஐந்நூறு டூல்களில் நம்மிடம் இருப்பது ஐந்து கூடத் தேறாது, அந்த ஐந்துக்கும் போட்டிருக்கிற ஃபீடும் (பிட் நகரும் வேகம்) ஆழமும் ஒரு டன் எடையுள்ள இரும்பு மெஷினை நினைத்துப் போட்டதாக இருக்கும்.

பிட் நாலு போதும். பிளைவுட்டுக்கு 3.175 மி.மீ. டவுன்கட், தேக்கு மாதிரி கனமான மரத்தில் வேகமாக அள்ளி எடுக்க 6 மி.மீ. இரண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்) அப்கட், அக்ரிலிக்குக்கும் அலுமினியத்துக்கும் 3.175 ஒற்றை ஃப்ளூட், எழுத்து செதுக்க ஒரு 60 டிகிரி வி பிட். (3018 மாதிரி குட்டி மெஷின் என்றால் 6 மி.மீ.யை மறந்துவிடலாம், அதன் மோட்டார் தாங்காது.) அப்கட் சீவலை மேலே இழுத்து வெளியே தள்ளும், அதனால் பிளைவுட்டின் மேல் வெனீர் பிய்ந்து நார் நாராக நிற்கும். டவுன்கட் மேல் விளிம்பைச் சுத்தமாக வெட்டும், ஆனால் சீவலைக் குழிக்குள்ளேயே அமுக்கும், ஆகவே அதை நேராக இறக்காமல் சரிவாக இறக்க வேண்டும்.

பிட்டைப் பிடித்துக்கொள்ளும் கோலெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ., 6 இல்லை. அரைக்கால் அங்குலம் என்றால் 3.175, 3 இல்லை. ஷாங்க் (பிட்டின் தண்டு) அளவுக்குச் சரியான கோலெட் வாங்குங்கள். ஈஆர்11 வகை என்றால் கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து 'டக்' என்று உட்கார வைத்து, அப்புறம் பிட்டைச் செருகி, அதன் பிறகே ஸ்பிண்டிலில் (பிட்டைச் சுழற்றும் அச்சு) மாட்ட வேண்டும். கோலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகினால் பிட் மையம் விலகிச் சுற்றும். பிட்டைத் தேவைக்கு மேல் நீட்டியும் வைக்காதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும்.

இனி லைப்ரரி. மென்பொருள் ஃப்யூஷன், வீகார்வ், ஃப்ரீகேட் எதுவானாலும் சரி, முதலில் நிரப்புகிற கட்டம் விட்டம். அங்கே பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் போடாதீர்கள். பிட்டை மாட்டி, ஒரு எம்டிஎஃப் (மர நார் பலகை) துண்டில் நேராக ஒரே கோடு வெட்டி, அந்தக் காடியின் அகலத்தை வெர்னியரில் அளந்து, வருகிற எண்ணைப் போடுங்கள். பிட்டின் உண்மையான அளவு, ஸ்பிண்டிலின் ஆட்டம் இரண்டும் அதில் அடங்கிவிடும். 3.175 என்று எழுதிய பிட் 3.28 காடி வெட்டுகிறது என்று வையுங்கள். லைப்ரரியில் 3.175 என்றே விட்டால் குழி 0.1 பெரிதாகும், அதற்குள் போகிற துண்டு 0.1 சிறிதாகும், சேர்த்துப் பார்த்தால் 0.2 மி.மீ. லொடலொட. பெட்டி மூடிக்கு இது போதும், இரண்டு மரம் பொருத்துகிற இன்லே வேலைக்கு ஆகவே ஆகாது.

வி பிட்டில்தான் பெரிய பொறி. வீகார்வ் கேட்பது முழுக் கோணம், அதாவது 60 டிகிரி பிட்டுக்கு 60. ஃப்யூஷனில் சாம்ஃபர் மில் (விளிம்பைச் சரிவாக வெட்டும் பிட்) என்று சேர்த்தால் அது கேட்பது ஒரு பக்கக் கோணம், அதே பிட்டுக்கு 30 போட வேண்டும். அங்கேயும் 60 என்று போட்டால் மென்பொருள் அதை 120 டிகிரி பிட்டாக எடுத்துக்கொள்ளும். 1 மி.மீ. ஆழத்தில் கோடு கிட்டத்தட்ட 3.5 மி.மீ. அகலம் வரும் என்று அது கணக்குப் போடும், மரத்தில் வருவதோ 1.15. எழுத்து எலும்பும் தோலுமாக நிற்கும். நுனி அகலத்தையும் சுழியம் என்று விடாதீர்கள். மலிவு பிட்களின் நுனி 0.1, 0.2 மி.மீ. தட்டையாகவே இருக்கும், சர்க்யூட் போர்டு செதுக்குகிறவர்களுக்கு அந்த 0.1 பெரிய விஷயம்.

அடுத்து ஃபீட். சூத்திரம் எளிது: ஆர்பிஎம் × ஃப்ளூட் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சீவலின் கனம். 10,000 ஆர்பிஎம், இரண்டு ஃப்ளூட், 0.04 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 800 மி.மீ. மெஷின் திணறுகிறதே என்று இந்த 800-ஐ 200 ஆக்குவதுதான் எல்லோர் கையும் தானாகச் செய்கிற வேலை. அப்போது ஒரு பல்லுக்கு 0.01 தான் கிடைக்கிறது. பல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும், மரம் கருகும், அக்ரிலிக் உருகிப் பிட்டிலேயே சுற்றிக்கொள்ளும், முனை சீக்கிரம் மழுங்கும். மெஷின் திணறினால் ஆழத்தைக் குறையுங்கள், 2 மி.மீ. போன இடத்தில் 0.8 போகட்டும், ஃபீடை விட்டுவிடுங்கள். கோயம்புத்தூரில் விஎம்சி (தொழிற்சாலை சிஎன்சி மெஷின்) ஓட்டுகிற நண்பர்களிடம் கேட்டு வாங்குகிற ஃபீட் சார்ட்டும் இப்படித்தான் பயன்படும். பல்லுக்கான கனத்தை அதிலிருந்து ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், ஆழத்தை மட்டும் நம் மெஷின்தான் சொல்ல வேண்டும். கீழே விழுவது தூளா சீவலா என்று விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் ஃபீட் போதவில்லை. எம்டிஎஃப் மட்டும் எப்படியும் தூளாகத்தான் வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த எண்களை டூலின் மேல் ஒட்டாமல் பொருள்வாரியாகச் சேமியுங்கள். ஃப்யூஷனில் ஒவ்வொரு டூலுக்கும் ப்ரீசெட் வைக்கலாம்: பிளைவுட், தேக்கு, அக்ரிலிக் என்று தனித்தனியாக. வெட்டிப் பார்த்து நன்றாக வந்ததை மட்டும் அதில் ஏற்றுங்கள். குறிப்புக் கட்டத்தில் எந்த மெஷின், எவ்வளவு நீட்டி மாட்டியது என்று ஒரு வரி எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து வரும் நமக்கே உதவும்.

டூல் எண்ணுக்கு வருவோம். ஜிஆர்பிஎல்லில் (குட்டி மெஷின்களை இயக்கும் மென்பொருள்) ஓடும் மெஷினுக்கு டூல் டேபிளே கிடையாது, எம்6 ('டூலை மாற்று' என்ற கட்டளை) வந்தால் பிழை காட்டி நிற்கும். ஃபைலை மெஷினுக்கு அனுப்பும் சில சென்டர் மென்பொருள்கள் அதை இடைமறித்து நிறுத்தித் தரும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிட்டுக்கும் தனி ஃபைலாக எடுக்க வேண்டும். ஆக, அந்த எண் முழுக்க நமக்காகத்தான். நான் 10-களில் ஃப்ளாட் (தட்டை நுனி), 20-களில் பால் நோஸ் (உருண்டை நுனி), 30-களில் வி பிட் என்று வைத்திருக்கிறேன், பிட் இருக்கும் குட்டி டப்பாவின் மூடியிலும் மார்க்கரில் அதே எண். ஃபைல் பெயரிலும் அதையே போடுகிறேன்: 'மூடி_31'. புதுப் பிட் அதே வகையாக வந்தாலும் பழைய எண்ணைத் தருவதற்கு முன் மறுபடி ஒரு காடி வெட்டி அளந்துவிடுகிறேன். ஒரே கடையில் வாங்கியதே கூட 0.05 மாறி வருகிறது.