காறை எலும்பின் ஓரத்தில் ஒரு வீக்கம்

கோத்தகிரியில் 30 ஆண்டுகள் தேயிலை பறித்த என் பெரியம்மாவுக்கு, காறை எலும்பு மார்பெலும்பைச் சந்திக்கும் இடத்தில், வலப்புறம் மட்டும் ஒரு வீக்கம் எழுந்தபோது, பாரம் சுமந்ததால் வந்த சுளுக்கு என்றெண்ணித் தைலம் தேய்த்தோம். (எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தைலம்தான்.)

கையை உடலின் நடு எலும்புகளோடு மூட்டாக இணைப்பது காறை எலும்பும் மார்பெலும்பும் சேரும் இந்த ஒன்றே. முதுமையில் இங்கே தேய்மானம் வருவது இயல்பு; பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் பெரியம்மாவுக்குக் காய்ச்சலும் சேர்ந்தது, தோளையும் அசைக்க முடியவில்லை. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தின் வழியே வந்து இம்மூட்டில் சீழ் வைக்கும் வாய்ப்பு கூடுதல்.

மூட்டுக்குப் பின்னாலேயே பெரிய இரத்தக் குழாய்கள் செல்வதாலும், சீழ் மார்புக்கூட்டுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதாலும், எக்ஸ்ரே போதாது என்று சொல்லி, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கோவைக்கு அனுப்பினார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். காசநோயும் இம்மூட்டைத் தாக்குவதுண்டு என்பதால், ஊசியால் எடுத்த நீரை இரண்டுக்குமே சோதித்தார்கள். காசநோய் இல்லை. 6 வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எலும்பை அறுத்தெடுக்க நேரவில்லை.