வாசல்மேல் எழுதியிருந்த வசனம்

உரோமையில் நான்கு பெரிய பேராலயங்களையும் தரிசித்து முடித்த பிறகு, கடைசி நாள் மதியம் எனக்கும் மனைவிக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. டைபர் நதிக்கரையோரம் நடந்தோம். சதுரமான குவிமாடத்தோடு யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே, சாலையைத் தாண்டினால் சின்னதாக ஒரு கத்தோலிக்க ஆலயம், சான் கிரகோரியோ. முகப்பில் சிலுவையில் தொங்கும் ஆண்டவர்; கீழே எபிரேயத்திலும் லத்தீனிலும் ஒரு வசனம்.

லத்தீனை எழுத்துக்கூட்டி, கைபேசியில் தேடிப் பார்த்தேன். பழைய ஏற்பாட்டில் இறைவாக்கினர் எசாயாவின் நூல், 65ஆம் அதிகாரம். கலகம் செய்யும் மக்களை நோக்கி நாள் முழுவதும் கைகளை நீட்டினேன் என்று கடவுள் சொல்லும் இடம்.

யார் படிப்பதற்காக இது எபிரேயத்தில்? 1555இல் திருத்தந்தை நான்காம் பவுல் போட்ட ஆணையால் உரோமை யூதர்கள் இந்த நதிக்கரையில் மதிலுக்குள் அடைக்கப்பட்டார்கள். 1870 வரைக்கும் அவர்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. ஓய்வுநாளில் அவர்களைக் கட்டாயமாக வரவழைத்து, மனம் மாறும்படி பிரசங்கம் செய்த ஆலயங்களில் இதுவும் ஒன்று. காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வார்கள்.

"ஏங்க, எசாயா தன் சொந்த சனத்தைத்தானே திட்டினார்?" என்றாள் மனைவி.

அதுதான் என் நெஞ்சில் தைத்தது. பெற்றவள் தன் பிள்ளையைத் திட்டுவாள். அந்தத் திட்டையே பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வாசலில் எழுதிவைத்தால் அது வேறு வார்த்தையாகிவிடுகிறது. 1943 அக்டோபர் 16 அன்று விடியற்காலையில் நாஜிகள் இதே தெருக்களில்தான் யூதர்களைப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போனார்கள். திரும்பியவர்கள் 16 பேர். எதிரே பாலத்தைக் கடந்தால் தீவில் இருக்கும் மருத்துவமனையில், இல்லாத ஒரு தொற்றுநோயின் பெயரைச் சொல்லி யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கன்னியர் மடங்களும் கதவு திறந்தன. இரண்டும் நம் திருச்சபையின் கதைதான். ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்று உரோமையர் திருமுகத்தை எடுத்தோம். புனித பவுல் இந்த ஊருக்கே எழுதிய கடிதம். பத்தாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார்த்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. வாசல்மேல் இருந்த அதே எசாயா! ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. கடவுள் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா, ஒருபோதும் இல்லை, நானும் ஓர் இஸ்ரயேலன்தானே என்று பதினோராம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். யூதரல்லாத நாம் ஒட்டவைக்கப்பட்ட காட்டு ஒலிவக் கிளை. வேர்தான் நம்மைத் தாங்குகிறது என்கிறார். ஆலயத்தின் முகப்பில் எழுதியவர்கள் அடுத்த வரியை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த அடுத்த வரியை, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எடுத்துப் பேசியது. அப்புறம் 1986 ஏப்ரல் 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்தத் தொழுகைக்கூடத்துக்கே வந்தார். உரோமை யூதர்களின் தலைமை ரபி (மதகுரு) எலியோ தோஆஃபைத் தழுவிக்கொண்டார். நீங்கள் எங்கள் அன்புச் சகோதரர்கள், ஒருவகையில் எங்கள் அண்ணன்மார் என்றார். வத்திக்கானிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நூற்றாண்டு!

கிளம்பும் முன் தொழுகைக்கூடத்தைப் பார்த்து நின்று, ஆண்டவரே என் ஆயர் என்ற தாவீதின் பாடலை இருவரும் மெல்லச் சொன்னோம். ஓய்வுநாளின் மூன்றாம் உணவின்போது யூதர்கள் பாடுவதும் அதே பாடல்தான்.